தண்ணீர் தெளிந்து வரும்வரை

எங்கள் ஸ்டூடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற இருபது நிமிஷம் ஆகும். 1979இல் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. பின்னணிக்குக் கறுப்பு அடித்து முடித்ததும் எங்கள் ஓவியர் அண்ணாச்சி, காற்றால் வண்ணத்தை ஊதும் ஏர்பிரஷை என் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலை போடப் போவார். அவர் திரும்பி வந்து உட்காரும்போது நான் அதைக் கழுவி வெள்ளைக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதே மாற்றத்தை என் தம்பி மகள் இன்று நான்கே நிமிஷத்தில் செய்கிறாள். சில நாள் அந்த நான்கு நிமிஷம்கூட வேண்டாம், கறுப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ள அவளிடம் மூன்று ஏர்பிரஷ்கள் இருக்கின்றன. எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அங்கே நடந்த வேலைக்குப் ‘பினிஷிங்’ என்று பெயர். வீட்டில் ஒருவர் இறந்துபோனால், அவர் இருக்கிற ஒரே படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். அது பெரும்பாலும் கல்யாண குரூப் போட்டோவாக இருக்கும். மூன்றாவது வரிசையில், இரண்டு தோள்களுக்கு நடுவே, கட்டைவிரல் நகம் அளவு ஒரு முகம். அதை மறுபடி படம் எடுத்து, பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குல ப்ரோமைட் தாளில் பெரிதாக்குவோம். பெரிதாக்கினால் முகம் மணல் மணலாகப் பிரிந்து வரும், பக்கத்து ஆளின் காது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி, உருவத்தின் வெளிக்கோட்டுக்குப் பாதி பிளேடால் வெட்டி மேலே வைத்து, சுற்றியிருப்பதை எல்லாம் ஏர்பிரஷால் மூடுவார் அண்ணாச்சி. கீழே கரும்புகை போலத் தொடங்கி, தலைக்குப் பின்னால் வெளுத்துப் போகும் ஒரு பின்னணி. தெற்குச் சீமையில் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் மாலையோடு தொங்கிய படங்களின் பின்னணி அதுதான். கடைசியில் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வெள்ளையை மெல்லிய புகையாக ஊதுவார். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தது போல இருக்கும்.

காற்றுக்கு ஒரு லாரி ட்யூப். அதற்கு சைக்கிள் பம்பால் காற்று அடிப்பதும் என் வேலை. ட்யூப் பாதி தளர்ந்தால் ஊதல் கரகரக்கும், ஓடிப்போய் அடிக்க வேண்டும். சில வருஷம் கழித்துப் பழைய பிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரசர் ஒன்று வந்தது. அன்று என் வலது தோள் பட்ட நிம்மதி இப்போதும் நினைவிருக்கிறது.

ஏர்பிரஷ் லண்டன் ஏரோகிராஃப். 1985இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில், பழைய சாமான் கடையில் அண்ணாச்சி வாங்கியது. அவர் கோவில்பட்டிக்காரர். ஓவியர் கொண்டையராஜு வாழ்ந்து, காலண்டர் சாமிகளை வரைந்த ஊர். வண்ணத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவனை அந்த ஊரில் ஓவியன் என்று சொல்ல மாட்டார்கள் என்பார்.

இந்தக் கருவிக்கு அப்போதே நூறு வயது. அமெரிக்காவின் அயோவாவில் ஆப்னர் பீலர் என்பவர் 1879இல் முதல் ஏர்பிரஷைச் செய்தார். 1890களில் சார்லஸ் பர்டிக் அதன் உள்ளமைப்பை மாற்றினார். காற்றும் வண்ணமும் கருவிக்குள்ளேயே சந்திக்கும்படி, நடுவில் ஓர் ஊசி ஓடும்படி அமைத்தார். பின்பு அவர் இங்கிலாந்து போய்த் தொடங்கிய தொழில்தான் ஏரோகிராஃப். விசையை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் ஊசி விலகி வண்ணம் வரும். இன்றும் நல்ல ஏர்பிரஷ்கள் எல்லாம் அடிப்படையில் இதே அமைப்புதான். ஆரம்ப நாட்களில் அந்தக் கருவிக்குக் கிடைத்த பெரிய வேலையும் மனிதர் போட்டோக்களைப் பெரிதாக்கி மெருகேற்றுவதுதான். எங்கள் படிக்கட்டு அறை அந்த வரிசையில் கடைசியாக வந்த ஒன்று. ஆனால் அதே ரீடச் வேலை வேறு கைகளில் வேறு காரியமும் செய்திருக்கிறது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவை, அவர் 1940இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, படத்திலிருந்தே எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை வரைந்தார்கள். அதை நான் வெகுகாலம் கழித்து ஒரு புத்தகத்தில் பார்த்தபோது உடம்பு கூசியது. நாங்கள் பக்கத்து ஆளின் தோளை அழித்ததெல்லாம் நடுவில் இருப்பவரை மீட்டுக்கொண்டு வரத்தான்.

கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஏர்பிரஷின் நாசில் ஓட்டை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் என்ன பருமனோ, அவ்வளவுதான். அதற்குள் ஊசி முனை போய் உட்கார்ந்திருக்கும். வண்ணம் தங்குகிற இடம், அதை ஊற்றுகிற, கண்ணுக்குத் தெரிகிற கப்பு இல்லை. கப்பின் அடியில் வண்ணம் இறங்குகிற வளைவு ஒன்று, நாசிலின் கூம்பு உட்புறம் ஒன்று, நாசிலை மூடியிருக்கும் காற்று மூடியின் உள்முகம் ஒன்று. ஊசியைச் சுற்றிப் பின்பக்கம் வண்ணம் கசியாமல் பிடித்திருக்கும் வாஷர் இன்னொன்று. இந்த நாலு இடத்தையும் அண்ணாச்சி எனக்குக் காட்டவில்லை. நானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். மிச்ச வண்ணத்தை ஊற்றிவிட வேண்டும். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, நனைத்து, கப்பைத் துடைக்க வேண்டும். பாதிக் கப்பு தண்ணீர் விட்டு ஊத வேண்டும். அப்புறம் ஏர்பிரஷின் மூக்கை விரலில் சுற்றிய துணியால் அடைத்துக்கொண்டு விசையை லேசாக இழுத்தால், வெளியே போக வழியில்லாத காற்று பின்னால் திரும்பி, கப்பில் குமிழ் குமிழாகக் கொதிக்கும். ‘கொப்பளிக்க வை’ என்பார். வாய் கொப்பளிக்கிற சத்தமேதான். அந்தக் கொப்பளிப்பில் வளைவுக்குள் ஒளிந்திருந்த கறுப்பு மேலே வரும். ஊற்று, மறுபடி தண்ணீர், மறுபடி கொப்பளிப்பு. மூன்று தடவையாவது. பிறகு ஊசியை உருவி, அடியிலிருந்து முனையை நோக்கி மட்டும், உருட்டி உருட்டித் துடைக்க வேண்டும். முனையிலிருந்து பின்னால் துடைத்தால் துணியின் நூல் மாட்டி முனை வளையும். வளைந்திருக்கிறதா என்று பார்க்கக் கண் போதாது, அதைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்துப் பார்ப்பார். நகம் கீறினால் வளைவு. வளைந்த ஊசி ஊதுகிற கோடு ஒரு பக்கம் சாயும்.

எல்லாம் முடிந்து வெள்ளைத்தாளில் வெறும் தண்ணீரை அடிக்க வேண்டும். ஈரம் காயும்வரை தாளைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது சாம்பல் நிறம் தெரியாது, காய்ந்தபின்தான் தெரியும். எனக்குத் தாங்க முடியாதது அந்தக் காத்திருப்புதான்.

பகலில் நிறம் மாற்றும்போது நாசிலைக் கழற்ற வேண்டாம், கொப்பளிப்பு போதும் என்பது பொதுவான வழக்கம். கறுப்புக்குப் பிறகு வெள்ளை என்றால் மட்டும் கழற்ற வேண்டும். நாசில் கொத்தமல்லி விதை அளவு பித்தளை. அதன் மரை நூல்போல் மெல்லியது. குட்டி ஸ்பேனரால் ஒரு சுற்று அதிகம் முறுக்கினால் அறுந்துவிடும், சென்னைக்கு எழுதி மாற்று வர மாதமாகும். அதனால் எனக்கு அதைத் தொடவே பயம்.

1980 தை மாதம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மனைவி பிரசவத்தில் தவறிவிட்டார். மறுநாள் பதினாறாம் நாள் விசேஷம், படம் வேண்டும். குரூப் போட்டோவில் அந்தப் பெண்ணின் இடது காதைப் பக்கத்தில் நின்றவரின் தலை மறைத்திருந்தது. தோடு எப்படி இருக்கும் என்று அண்ணாச்சி கேட்டு எழுதிக்கொண்டார். எட்டுக்கல் தோடு. பின்னணி முடிந்தது, தோடு முடிந்தது. ஏர்பிரஷ் என் கைக்கு வந்தது. ஆள் வெளியே காத்திருக்கிறார், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. நான் மூன்று தடவை கொப்பளிக்க வைத்தேன். கப்பில் தண்ணீர் தெளிவாக இருந்தது. நாசிலைக் கழற்றவில்லை. தாளில் அடித்தேன், காயும்வரை நிற்கவில்லை.

அண்ணாச்சி நெற்றியில் மெல்லிய கோடாகத் தொடங்கினார். அழகாக வந்தது. கன்னத்துக்கு வந்து, கொஞ்சம் அகலமாக ஊத விசையை இன்னும் பின்னால் இழுத்தார். மெல்லிய கோட்டுக்கு ஊசி முனை மட்டுமே விலகும். அகலத்துக்கு ஊசி நன்றாகப் பின்வாங்கும், அதுவரை ஊசியால் அடைபட்டிருந்த நாசிலின் உள்சுவர் திறந்துகொள்ளும். அங்கே ஒரு கறுப்பு வளையம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. வெள்ளையோடு சேர்ந்து மூன்று கறுப்புப் பொட்டு, அந்தப் பெண்ணின் கன்னத்தில் தெறித்தது.

அவர் ஈரப்பஞ்சால் ஒற்றிப் பார்த்தார். பொட்டோடு சுற்றியிருந்த வேலையும் கரைந்து வந்தது. படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை மேஜையில் விரித்தார். ஏர்பிரஷை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் துணியில் ஒற்றி எடுத்து வைத்தார். மூடி, நாசில், ஊசி, வாஷர். துணியில் கறுப்பு அடையாளங்கள் விழுந்துகொண்டே வந்தன.

“எண்ணு” என்றார். ஏழு இருந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை. இருட்டறைக்குப் போய்ப் புதுப் பிரதி போடத் தொடங்கினார்.

அந்த இரவு நான் அதைக் கழுவிய மாதிரி வாழ்க்கையில் எதையும் கழுவியதில்லை. வெந்நீர் வைத்து, துண்டு துண்டாக, துணியில் ஒற்றினால் அடையாளம் விழாதவரை. காத்திருந்தவருக்குப் பஸ் போய்விட்டது. படியில் உட்கார்ந்திருந்தார். நான் மூட்டி முடித்துத் தாளில் தண்ணீர் அடிப்பதையும், காயக் காத்திருப்பதையும், மறுபடி அடிப்பதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, தண்ணியாவே அடிச்சுக்கிட்டு இருக்கீக?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் மனைவியின் கன்னத்தில் நான் செய்ததை அவரிடம் சொல்லவும் தைரியம் இல்லை. விடியும்போது படம் முடிந்தது. வாங்கிப் பார்த்தவர், காதில் அண்ணாச்சி வரைந்திருந்த தோட்டைத்தான் விரலால் தொட வந்து, தொடாமல் நிறுத்தினார். “இதத்தான் வைத்தியச் செலவுக்கு வித்தேன்” என்றார். முதல் பஸ்ஸுக்குப் போனார்.

அந்தத் தொழில் இருபது வருஷத்தில் முடிந்துபோனது. கம்ப்யூட்டர் வந்தது. போட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வெளியானபோதே அதற்குள் ஏர்பிரஷ் என்ற பெயரிலேயே ஒரு கருவி இருந்தது. எங்கள் சந்துக்கு அது வந்து சேரப் பத்து வருஷம் ஆனது. நானும் கற்றுக்கொண்டேன், பிளெக்ஸ் டிசைன் செய்து பிழைத்தேன். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாற ஒரு சொடுக்கு. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. என் மகன் படித்தது அந்தப் பணத்தில்தான். அண்ணாச்சி ஏரோகிராஃபை எனக்கே கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். கடைசியாக ஓட்டிய கறுப்பை அவசரத்தில் சரியாகக் கழுவாமல் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். அவர் இறந்த செய்தி வந்த அன்றுகூட அதைத் திறக்கவில்லை.

பதினேழு வருஷம் கழித்துத் திறக்க வைத்தவள் தம்பி மகள். கல்லூரி முடித்துவிட்டு ஹெல்மெட்டுக்கும் பைக் டேங்க்குக்கும் படம் வரைகிறாள். வீடியோ பார்த்துத் தானே கற்றவள். அவளுடைய ஏர்பிரஷ் ஒருநாள் அடைத்துக்கொண்டது. கப்பில் தானாகவே குமிழ் வந்தது. “பெரியப்பா, உங்க பழசு ஓடுமா?” என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

டின்னைத் திறந்தோம். ஊசி அசையவில்லை. நான் வெந்நீரில் முன்பகுதியை மட்டும் வைத்தேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. பதினேழு வருஷத்துக் கறுப்பு, நேற்று அடித்ததுபோல இழை இழையாகக் கரைந்து வந்தது. ஊசி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. எங்கள் போஸ்டர் வண்ணத்தைப் பிடித்து வைத்திருந்தது வெறும் பிசின். பிசின் எத்தனை வருஷம் காய்ந்தாலும் தண்ணீர் கேட்டால் விட்டுக்கொடுக்கும். அவளுடைய ஏர்பிரஷில் இருந்தது ஒரு வாரத்து அக்ரிலிக். அதை வெந்நீர் ஒன்றும் செய்யவில்லை. அக்ரிலிக் காயும்போது துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து பிளாஸ்டிக் தோலாகிவிடும், அப்புறம் தண்ணீரை அது அறியாது. ஊசியிலிருந்து அந்தத் தோலை நகத்தால் உரிக்க வேண்டியிருந்தது.

அன்றும் இன்றும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கருவி மாறவில்லை, வண்ணம் மாறிவிட்டது. எங்கள் சோம்பலை எங்கள் வண்ணம் மன்னித்தது. இவள் கையாளும் வண்ணங்கள் அப்படியல்ல. ஊதிக்கொண்டிருக்கும்போதே ஊசி முனையில் காய்ந்து, ஒரு துளி சேர்ந்து, திடீரென்று துப்பும். சில அக்ரிலிக் வண்ணங்களில் ஆல்கஹால் விட்டால் கரையாமல் தயிர் திரிந்த மாதிரி கட்டியாகி நாசிலை இன்னும் மோசமாக அடைக்கும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் கலந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். வெள்ளியும் முத்தும் மின்னுகிற நிறங்கள் இன்னொரு தொல்லை. அந்தச் செதில்கள் மூலையில் ஒட்டிக்கொண்டு, மூன்று நிறம் தள்ளி ஒரு கறுப்பில் மினுக்கும். கார்களுக்கு அடிக்கும் கெட்டிப்படுத்தி கலந்த வார்னிஷோ கலந்த சில மணி நேரத்தில் உள்ளேயே இறுகிவிடும். இறுகினால் தின்னர் கரைக்காது, அந்த நாசில் போனதுதான். அதில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். அவள் முகமூடி போட்டுக்கொள்கிறாள். நாங்கள் வெறும் காற்றுதானே என்று எல்லாவற்றையும் மூச்சில் வாங்கினோம். அண்ணாச்சியின் இருமலை வெற்றிலைக் காறல் என்றே நினைத்திருந்தேன்.

அவளும் தவறுகள் செய்தாள். முதல் வருஷம் ஏர்பிரஷை அப்படியே முழுசாக லாக்கர் தின்னரில் இரவெல்லாம் ஊறப் போட்டாள். காலையில் உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் உப்பி, விசை அழுத்தினால் திரும்பி வரவில்லை. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்திலும் ஊற வைத்துப் பார்த்தாள். அதில் அம்மோனியா இருந்தால் பித்தளையை அரிக்கும், விட்டவுடன் தண்ணீரில் அலச வேண்டும். இப்போது அவளிடம் மீயொலித் தொட்டி ஒன்று இருக்கிறது. ரப்பரைக் கழற்றிவிட்டு உலோகத் துண்டுகளை மட்டும் அதில் போடுவாள். நொடிக்கு நாற்பதாயிரம் அதிர்வு. நாசிலின் உள்ளிருந்து மெல்லிய புகை இழை ஒன்று தண்ணீரில் எழுவது தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது, அண்ணாச்சி இதைப் பார்த்திருக்க வேண்டுமே என்று தவித்தேன். ஈர்க்குச்சிக்குப் பதில் பல்லிடுக்குத் துலக்கும் குட்டி பிரஷ். துணி சுற்றிய விரலுக்குப் பதில், ஊதினால் வடிகட்டிக்கொள்ளும் மூடி போட்ட கண்ணாடிச் சாடி. எல்லாம் நல்ல மாற்றங்கள். எனக்கு அவற்றில் ஒன்றுகூட வேண்டாம் என்று தோன்றியதில்லை.

மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று வெளிறியதிலிருந்து அடர்ந்ததை நோக்கிப் போனால் கழுவுகிற வேலை பாதி குறையும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். நான்கு நிமிஷமும் நியாயமான நான்கு நிமிஷம்தான். நாசிலைக் கழற்ற அவளுக்குப் பயமில்லை, மாற்று நாசில் இரண்டு மேஜை டிராயரில் இருக்கின்றன. அவள் விட்டுவிடுவது ஒன்றே ஒன்று, தாள். தண்ணீர் அடிப்பாள், ஈரத்தைப் பார்ப்பாள், சரி என்று அடுத்த நிறத்தை ஊற்றிவிடுவாள். காயும்வரை நிற்பதில்லை. நான் பலமுறை வாய்வரை வந்ததை விழுங்கியிருக்கிறேன். உசிலம்பட்டிக்காரர் கதையை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு பையன் பைக் டேங்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தான். அவனுடைய அம்மா முகம் வேண்டும் என்றான். போன வருஷம் இறந்துவிட்டாராம். போனில் இருந்த படத்தைக் காட்டினான். ஏதோ விசேஷ வீட்டில் எடுத்தது, பக்கத்தில் யாரோ ஒருவரின் தோள். இப்போதெல்லாம் கூடத்துச் சுவரில் மாட்டுவதில்லை, கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இரண்டு நாள் வேலை செய்தாள். கூந்தலுக்கும் நிழலுக்கும் கறுப்பு முடிந்தது. நெற்றிக்கு வெள்ளை வேண்டும். பெரிய ஏர்பிரஷ் இரண்டும் வேறு வேலையில் இருந்ததால், கறுப்பு ஓடிய அதே சின்னதைக் கழுவத் தொடங்கினாள்.

அப்போது சொன்னேன். குரூப் போட்டோவிலிருந்து தோடுவரை எல்லாவற்றையும். அவள் கொப்பளிக்க வைத்துக்கொண்டே கேட்டாள், நடுவில் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். மூன்று பொட்டு என்றபோது டேங்க்கைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் நாசிலைக் கழற்றித் தொட்டியில் போட்டு எடுத்து, மூட்டி, ஒரு வெள்ளைத்தாளைக் கிளிப்பில் மாட்டித் தண்ணீர் அடித்தாள். விசையை முழுக்கப் பின்னால் இழுத்து அடித்தாள். நான் அதைச் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

மின்விசிறியை நிறுத்தினோம், தூசி விழக்கூடாது என்று. காயும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். எனக்கு இப்போது கண்ணில் புரை, ஒன்றும் தெரியவில்லை.

“இருக்கு பெரியப்பா. லேசா.”

தாளை மேஜையில் வைத்துவிட்டு, குட்டி ஸ்பேனரைத் தேடினாள்.